சனிக்கிழமைக் கூலி, ஞாயிற்றுக்கிழமைக் காய்: பத்துப் பன்னிரண்டு வீடு சேர்ந்து காய்கறி வாங்குவது எப்படி

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் (கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டம், சித்தூர் தாலுகா) சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் ஏதாவது ஒரு தெருமுனைக் கடையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் கேட்பது கால் கிலோ தக்காளி, நூறு கிராம் சின்ன வெங்காயம், பத்து ரூபாய்க்குப் பச்சை மிளகாய். காலையில் வந்த சரக்கு அந்நேரத்துக்கு வாடியிருக்கும். விலை மட்டும் வாடாது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் வேலந்தாவளம் காய்கறி மண்டி. எருத்தேம்பதி, வடகரப்பதி, ஒழலப்பதித் தோட்டங்களில் பறித்த தக்காளியும் கத்தரியும் வெண்டையும் பெட்டி பெட்டியாக அங்கே கைமாறி லாரி ஏறுகின்றன. காலையில் அந்தக் காயைப் பறித்த கைகள்தான் மாலையில் கால் கிலோவுக்கு நிற்கின்றன.

இதை மாற்ற ஒரு தெருவுக்குள்ளேயே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் காசைச் சேர்த்து, ஒரே நாளில் மொத்தமாக வாங்கி, வீட்டுக்கு வீடு கூறு போட்டுக்கொள்வது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

விலைக்கு முன்னால் பற்று நோட்டு

நானும் முதலில் விலைதான் சிக்கல் என்று நினைத்தேன். ஒரு புதன்கிழமை காலையில் மண்டிக்குப் போய், கடை விலையைவிட நன்றாகக் குறைத்து ஐந்தாறு வகைக் காய் வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினேன். பத்து வீட்டில் மூன்று வீடுதான் வாங்கியது. மீதியை என் வீட்டார் ஒரு வாரம் தின்றார்கள், மிச்சம் மாட்டுக்குப் போனது. எதிர்வீட்டு அக்கா சொன்னதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம்: "ஏங்கண்ணு, பொதங்கெழமை எங்ககிட்ட ஏது காசு? கடைக்கார அண்ணன்னா நோட்டுல எழுதிக்குவாரு. நீ எழுதிக்குவியா?"

தினக்கூலி வீட்டைத் தெருமுனைக் கடையோடு கட்டிப்போடுவது அந்தப் பற்று நோட்டு. கிலோவுக்குப் பத்து ரூபாய் அதிகமானாலும், காசில்லாத நாளில் காய் கிடைப்பது அங்கேதான். அதனால் முதல் இரண்டு வாரம் ஒன்றும் வாங்காதீர்கள். வீடு வீடாகப் போய்ப் பேசுங்கள், மூன்றே கேள்வி. கையில் காசு வருவது எந்தக் கிழமை? பற்று எங்கே, வாரத்துக்கு எவ்வளவு நிற்கிறது? வீட்டில் எல்லோரும் தின்கிற காய் எது?

ரேஷன் கார்டு என்ன நிறம் என்று மட்டும் கேட்காதீர்கள். கேரளத்தில் மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என்று நான்கு நிறம். கேட்ட மாத்திரத்தில் எதிரே இருப்பவர் ஒரு படி இறங்கி நிற்க வேண்டியதாகிவிடும். அதோடு, அந்தக் கார்டு அரிசி, கோதுமை போன்றவற்றுக்குத்தான். காய்கறி அதில் வருவதில்லை என்பதால்தானே இந்த வேலையே.

எவ்வளவு காய் வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் என்கிறது. உருளைக்கிழங்கு, மரவள்ளி போன்ற கிழங்குகள் இதில் சேராது. நான்கு பேர் வீட்டுக்கு வாரம் 11 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், கூட்டத்தில் சொல்லாதீர்கள். வாரம் மூன்று கிலோ வாங்கும் வீட்டில் போய் 11 கிலோ என்றால் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள். நான்கு கிலோவில் தொடங்கினால் போதும்.

யார் யார் சேரலாம்

கேரளப் பக்கம் இருப்பவர்களுக்குக் குடும்பஸ்ரீ அயல்கூட்டம் கையில் கிடைத்த வரம். 1998-இல் தொடங்கிய அமைப்பு. பத்திலிருந்து இருபது பெண்கள், வாரக் கூட்டம், சிறு சேமிப்பு, வரவு செலவு நோட்டு எல்லாம் ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கும். புதிதாக ஒன்றைக் கட்டி எழுப்புவதைவிட அந்தக் கூட்டத்தில் கடைசி கால் மணி நேரத்தைக் காய்க்கு என்று கேட்டு வாங்குவது சுலபம். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் என்றால் மகளிர் சுய உதவிக் குழு.

பத்துக்குக் குறைந்தால் ஒரு பெட்டித் தக்காளியைப் பங்கிட முடியாது. பதினைந்தைத் தாண்டினால் கூறு போட ஞாயிறு முழுவதும் போய்விடும். பன்னிரண்டு நல்ல எண்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதக்காரன். மாதச் சம்பள வீடுகள் இரண்டு மூன்றாவது உள்ளே இருக்க வேண்டும். ஒரு டீச்சர் வீடு, ஒரு பஸ் கண்டக்டர் வீடு. அவர்கள் காசு தவறாமல் வரும் என்பது ஒரு காரணம். எல்லா வீட்டுக்கும் ஒரே பை, ஒரே கூறு என்றால் அதை யாரும் தர்மக் காய் என்று சொல்ல முடியாது என்பது பெரிய காரணம். "ஏழைகளுக்கான காய்கறித் திட்டம்" என்று பலகை எழுதினால் ஏழைகள் வரமாட்டார்கள்.

கடைக்காரரிடமும் போய்ச் சொல்லிவிடுங்கள். அவரை எதிராளி ஆக்காதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி பத்து மணிக்கு ரொட்டி கடன் தருவது அவர்தான். எங்கள் ஊர்க் கடைக்காரர் முதல் மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். மூன்றாவது மாதம், எங்களிடம் மீந்த வெண்டைக்காயை அவரே எடுத்துக்கொண்டார், காலிப் பெட்டிகளையும் இரவல் தந்தார்.

காசு

இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் உடைகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாக.

காசு வசூல், கூலி வரும் நாளன்றே இருக்க வேண்டும். எங்கள் பக்கம் கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் சனிக்கிழமை மாலை கூலி. ஆகவே சனி இரவு எட்டு மணிக்கு வசூல், ஞாயிறு காலை வாங்கல். தொழிலுறப்பு (அரசின் ஊரக வேலை உறுதித் திட்டம்) கூலியை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு வேறு கணக்கு வைக்க வேண்டும். அது வங்கிக்கு எப்போது வரும் என்று அவர்களாலேயே சொல்ல முடியாது.

ஒரு பேச்சுக்குக் கணக்கு போடுவோம். பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு 150 ரூபாய், மொத்தம் 1,800. தக்காளி 15 கிலோ பெட்டி ஒன்று 300. சின்ன வெங்காயம் 6 கிலோ 300. கத்தரி 6 கிலோ 150. வெண்டை 6 கிலோ 180. அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி) 10 கிலோ 150. பச்சை மிளகாய் ஒன்றரைக் கிலோ 60. கீரை வீட்டுக்கு இரண்டு கட்டாக 24 கட்டு 240. காய்க்கு ஆனது 1,380. ஆட்டோ 250, சுமைக்கூலி 40. மீதி 130.

இந்த 130-இல் வீட்டுக்கு ஐந்து ரூபாய் வீதம் 60 ஒரு டப்பாவுக்குள் போகும். மீதி 70 அடுத்த வாரக் கணக்கில். டப்பாதான் நம்முடைய பற்று நோட்டு. எட்டு வாரத்தில் அதில் 480 சேர்ந்துவிடும். அப்புறம் எந்த வீட்டுக்காவது ஒரு சனிக்கிழமை காசு இல்லை என்றால் டப்பாவிலிருந்து 150 எடுத்து அவர்கள் பங்கைக் கட்டிவிடலாம். இரண்டு வாரத்துக்குள் திருப்ப வேண்டும், ஒரு வீட்டுக்கு ஒரு சமயத்தில் ஒரு கடன்தான், வட்டி கிடையாது. இவ்வளவுதான் சட்டம். டப்பா நிறைவதற்கு முன்னால் கடன் தொடங்காதீர்கள். அந்த எட்டு வாரம் எப்படித் தாண்டுவது என்று கேட்டால், சம்பள வீடுகளை முன்பணம் போடச் சொல்லுங்கள். அவர்களைச் சேர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நோட்டு ஒருவரிடம், டப்பா இன்னொருவரிடம், வாங்கப் போகிறவர் மூன்றாமவர். மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஆறு மாதத்தில் பேச்சு வரும்.

இன்னொரு கணக்கையும் நேர்மையாகப் போட்டுவிட வேண்டும். மேலே சொன்ன தக்காளி கிலோ 20 ரூபாய்க்கு வாங்கியது. பெட்டிக்குள் ஒரு கிலோ நசுங்கியோ அழுகியோ போனால் 21 ரூபாய் 40 காசு. ஆட்டோவும் சுமைக்கூலியும் கிலோவுக்கு ஆறு ரூபாய்க்கு மேல் ஏறும். ஆக, வீட்டுக்கு வரும்போது 28. அன்றைக்குக் கடையில் 32 என்றால் மிச்சம் நான்கே ரூபாய். அதற்கு விடியற்காலையில் எழுந்து போக வேண்டியதில்லை. வண்டிக்கூலிதான் லாபத்தைத் தின்கிறது. தேங்காய் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வேன், பால் வண்டி, தோட்டத்துக்காரரின் சொந்த டெம்போ என்று எது அந்தப் பக்கம் போய் வருகிறது எனத் தேடிப் பிடியுங்கள். எங்களுக்கு வண்டிக்கூலி பாதியான வாரத்திலிருந்துதான் இந்த வேலை நிலைத்தது.

எங்கே வாங்குவது

மண்டிக்குப் போவதென்றால் முதல் மூன்று தடவை வெறுங்கையோடு போங்கள். வார விடுமுறை எந்த நாள், சில்லறைக் குழுவுக்கு ஒரு பெட்டி மட்டும் கொடுப்பார்களா, எடைக்கழிவு எவ்வளவு பிடிக்கிறார்கள், சுமைக்கூலி யார் கணக்கு என்பதையெல்லாம் அப்போதே தெரிந்துகொள்ளலாம். தக்காளிப் பெட்டி 14 கிலோவா 15 கிலோவா என்பது இடத்துக்கு இடம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் அடுக்கைப் பார்த்து வாங்காதீர்கள். கையை நடுவே விட்டு இரண்டு பழத்தை எடுங்கள். அதற்குக் கோபித்துக்கொள்ளும் மண்டியில் மறுபடி வாங்க வேண்டாம். ஒரு தடவை, ஊர் பெயர் வேண்டாம், மேலே வெண்டைப் பிஞ்சும் அடியில் முற்றலுமாக ஒரு சாக்கைத் தலையில் கட்டினார்கள். பன்னிரண்டு வீட்டிலும் அந்த வாரம் என் பெயர்தான் முற்றியது.

மண்டி முதல் தரத்தைத்தான் மதிக்கும். நமக்கு இரண்டாம் தரம் போதும், சில காய்க்கு அதுதான் நல்லதும்கூட. கோணல் புடலை, சின்னதும் பெரிதுமாகக் கலந்த கத்தரி, தோலில் கீறல் விழுந்த அரசாணி இவற்றை லாரிக்கு ஏற்றமாட்டார்கள். சட்டியில் ஏறிவிட்டால் எல்லாம் ஒன்றுதான். இதை மண்டியில் தேடுவதைவிடத் தோட்டத்திலேயே கேட்பது மேல். குழுவில் இருக்கும் பெண்களில் யாராவது பறிக்கப் போகிற தோட்டமாகத்தான் இருக்கும். "ஏனுங்கண்ணா, கழிச்ச காயை எங்களுக்குக் குடுங்க, வாராவாரம் ரொக்கம்" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். ஆனால் அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள். மண்டி விலைக்குக் கொஞ்சம் கீழே கொடுத்தாலும் கமிஷனும் வண்டிக்கூலியும் மிச்சமாவதால் விவசாயிக்கும் நட்டமில்லை.

விவசாயி சம்பந்தமாக ஒன்று. கேரள அரசு 2020 நவம்பர் 1 முதல் 16 விளைபொருள்களுக்கு அடிப்படை விலை அறிவித்திருக்கிறது. உற்பத்திச் செலவோடு 20 சதவீதம் சேர்த்து நிர்ணயித்த விலை. தக்காளி, வெண்டை, பாகல், புடலை, நேந்திரன், மரவள்ளி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் குழு வாங்கும் விலை அதற்கும் கீழே போகிறதென்றால் எங்கோ தவறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் குழுவில் பாதி வீடு பறிகூலியில் வாழ்வது. தோட்டக்காரர் நொடித்துப்போனால் முதலில் நிற்பது அந்தக் கூலிதான்.

கேரளக் காய்கறி, பழ மேம்பாட்டுக் கவுன்சில் வழியாக நடக்கும் விவசாயிகள் சந்தைகளும் உண்டு. விவசாயிகளே சேர்ந்து நடத்துவதால் மொத்தமாக வாங்கும் குழுவுக்கு அங்கே மதிப்பு இருக்கும். பஞ்சாயத்துக் கிருஷி பவனில் (வேளாண் அலுவலகம்) கேட்டால் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள். அரசின் ஹார்ட்டிகார்ப் காய்கறிக் கடையில் மொத்தமாக வாங்குவது எங்களுக்குச் சரிப்பட்டதில்லை. ஆனால் விலை ஒப்பிடுவதற்காகவாவது எட்டிப் பாருங்கள்.

எல்லை தாண்டினால் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14-இல் மதுரை அண்ணா நகரில் முதலாவது திறந்தது.  அடையாள அட்டை உள்ள விவசாயிகள்தான் விற்க முடியும், கமிஷன் கிடையாது, தராசு அரசே தருகிறது, அன்றன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். மொத்த விலைக்குச் சுமார் 20 சதவீதம் மேலே, வெளிக்கடை விலைக்குச் சுமார் 15 சதவீதம் கீழே என்பது விலை வைக்கும் முறை. குழுவாக வாங்க இயலாதவர்களுக்கு இதுவே போதும். பொள்ளாச்சிக்கு வேறு வேலையாகப் போகிறவர்கள் ஒரு பையை மடித்து எடுத்துப் போகலாம். விடியற்காலையில் காய் நன்றாக இருக்கும். கடை கட்டும் நேரத்தில் பேரம் நன்றாக இருக்கும்.

கூறு போடுவது

முதலில் எடை, பிறகு கூறு, கடைசியில் சீட்டு. தார்ப்பாயை விரித்துப் பன்னிரண்டு குவியல் போடுங்கள். தக்காளியில் பழுத்தது, செங்காய் இரண்டையும் எல்லாக் குவியலிலும் கலந்து வையுங்கள். பழுத்தது திங்கள் செவ்வாய்க்கு, செங்காய் வியாழன் வெள்ளிக்கு. குவியல்களுக்கு எண் போட்டு, ஒரு குழந்தையைச் சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். கூறு போட்டவர் கடைசிச் சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விதி இருந்தால் எந்தக் கூறிலும் சொத்தை சேராது.

பிடிக்காத காயை மாற்றிக்கொள்ளலாம். எங்கள் தார்ப்பாயில் பாகற்காயும் கத்தரியும் மாறுவதைப் பார்த்தால் சந்தை தோற்றுப்போகும். வயதான தனி ஆள் வீட்டுக்கு அரைக் கூறு, அரைக் காசு. ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளை மனதில் வைத்துத்தான் வகைகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். கீரையும் வெண்டையும் முதல் இரண்டு நாளைக்கு, கத்தரியும் புடலையும் நடுவாரத்துக்கு, அரசாணியும் சின்ன வெங்காயமும் வாரக் கடைசிக்கு. வெள்ளிக்கிழமை குழம்புக்குக் காய் மிஞ்சினால் அந்த வாரம் கடைக்குப் பற்று ஏறாது.

யாராவது பணம் தருகிறேன் என்றால்

நன்றாக நடக்கிறது என்று தெரிந்ததும் ஊரில் வசதியுள்ள ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் ஒரு பையன், ஒரு கோவில் கமிட்டி என்று யாராவது வருவார்கள். இலவசமாகக் காய் கொடுக்கச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், முறையை மாற்றிக் கேளுங்கள். அமெரிக்காவில் டெட்ராய்ட் உழவர் சந்தைகளில் 2009-இல் 'டபுள் அப் ஃபுட் பக்ஸ்' என்று ஒன்று தொடங்கினார்கள். அரசு உணவு உதவி பெறும் குடும்பம் சந்தையில் ஒரு டாலர் செலவழித்தால், உள்ளூர்க் காயும் பழமும் வாங்க இன்னொரு டாலர் கிடைக்கும். நாமும் அப்படியே, வீட்டுக்காரர் போடும் 150-க்கு மேல் நன்கொடையிலிருந்து 50 சேர்த்து, அந்த 50-க்குப் பழம் மட்டும் என்று வைக்கலாம். எல்லா வீட்டுக்கும் சமமாக. காசு நின்றுபோனால் பழம் நிற்கும், காய் நிற்காது.

பழம்தான் எப்போதும் கைவிடப்படுவது. ஆப்பிளை மறந்துவிடுங்கள். பூவன் தார் ஒன்று பன்னிரண்டு வீட்டுக்குச் சீப்புச் சீப்பாகப் போகும். பப்பாளி, கொய்யா, நெல்லிக்காய் எல்லாம் இங்கே விளைவது. முதலமடை மாங்காய் மற்ற ஊர்களுக்கு முன்பே வந்துவிடும், ஆனால் முதல் வரத்து நம் விலையில் இருக்காது. சீசன் தளரும்போது உதிர்ந்த காயைத் தோட்டத்தில் கேளுங்கள். வாங்கியதை வைக்கோலில் மூடிப் பழுக்க வையுங்கள், கார்பைடு கல் வைப்பது சட்டப்படி தடை. பலா 2018 முதல் கேரளத்தின் மாநிலப் பழம். பழமாகும்வரை காத்திருக்காமல் இடிச்சக்கையாகவே (பிஞ்சுப் பலா) ஒரு வாரக் காய் ஆக்கிவிடலாம், பல வீட்டில் அது சும்மாவே கிடைக்கும்.

வேலியோர முருங்கைக்குக் காசு கொடுக்காதீர்கள். கிருஷி பவனில் 'ஓணத்துக்கு ஒரு முறம் பச்சக்கறி' திட்டத்தில் விதையும் நாற்றும் தரும்போது குழுவாகப் போய் வாங்குங்கள். வீட்டுக்கு இரண்டு கத்தரி, ஒரு மிளகாய், ஒரு பாத்தி தண்டுக்கீரை போதும். மழைநிழல் பூமி இது, பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் இடத்தில் நட்டால்தான் பிழைக்கும்.

நாள்காட்டி

முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் மண்டிப் பக்கம் போகாதீர்கள். கார்த்திகை பிறந்து ஐயப்பன் மாலை போடத் தொடங்கினால் காய் விலை ஏறும். அதே சமயத்தில் மழையும் பிடித்தால் தக்காளியும் முருங்கையும் எட்டாது. அந்த வாரங்களில் தக்காளியைப் பாதியாக்கிப் புளிக்கு மாறுங்கள், வசூலை மட்டும் ஏற்றாதீர்கள். ஏற்றினால் முதலில் விலகுவது யார் என்று உங்களுக்கே தெரியும்.

ஓணத்துக்கு முந்தின வாரம்தான் மிக மோசம். நேந்திரனும் பயறும் அரசாணியும் கும்பளங்காயும் (வெண்பூசணி) ஒரே நாளில் ஏறும். ஓணச் சந்தைகள் திறந்தால் அங்கே வரிசையில் நில்லுங்கள், அந்த வாரம் மண்டி வேண்டாம். அரசாணியையும் கும்பளங்காயையும் மட்டும் ஆடிக் கடைசியிலேயே வாங்கிவிடுங்கள். முற்றியதாக, காம்பு ஒடியாததாகப் பார்த்து எடுத்தால் கட்டிலுக்கடியில் வாரக்கணக்கில் கிடக்கும். ஒன்றோடொன்று உரசாமல் வைக்க வேண்டும், வாரம் ஒரு முறை புரட்டிவிட வேண்டும்.